கோமதி சொல்ல வந்தது

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கோங்க அண்ணாச்சி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். சங்கரன்கோயில் வரைக்கும் போகணும்லா, பேசிக்கிட்டே போவோம். மக இன்ஜினியரிங் படிக்கான்னு கண்டக்டர்ட்ட சொல்லிட்டு இருந்தீங்களே, கம்ப்யூட்டரா? எந்தக் காலேஜு?

அட, அது எங்க காலேஜுல்லா! நான் அங்கதான் படிச்சேன். இப்ப அங்கதான் போயிக்கிட்டிருக்கேன். நாளைக்கு மேடையில பேசக் கூப்பிட்டிருக்காங்க. கூப்பிட்டிருக்காங்கன்னா, நானாத்தான் பிரின்சிபாலுக்கு மெயில் போட்டுக் கேட்டேன், அவரு சரின்னுட்டாரு. ரெண்டும் ஒண்ணுதான. என் பேரு இசக்கித்துரை. பெங்களூர்ல வேலை. நல்ல கம்பெனி. அந்த வேலை எப்படிக் கிடைச்சுதுங்கிறதுதான் கதையே. இருங்க, உங்க மக எத்தனாவது வருசம்னுதான சொல்ல வாறீங்க? எத்தனாவதா இருந்தாலும் சரி, இதை அவட்ட நீங்க சொல்லணும். டீம்ல சேரும்போது யாரோட சேரணும், யாரோட சேரக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

கோடிங் போட்டின்னு ஒண்ணு உண்டு அண்ணாச்சி. நீங்க நினைக்கிற மாதிரி ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு டீமுக்கு மூணு பேரு. கம்ப்யூட்டர் ஒண்ணு, கீபோர்டு ஒண்ணு. அஞ்சு மணி நேரம். பத்துப் பன்னெண்டு கணக்கு குடுப்பான். ஒவ்வொண்ணுக்கும் புரோகிராம் எழுதி அனுப்பணும். சரியா இருந்தா ஒரு பலூன் கொண்டாந்து நம்ம மேஜையில கட்டுவாங்க. கல்யாண வீடு மாதிரி இருக்கும் பாக்க. தப்பா இருந்தா 'தப்பு'ன்னு மட்டும்தான் வரும். எங்க தப்பு, ஏன் தப்பு, ஒண்ணும் சொல்லமாட்டான். தப்பா அனுப்புன ஒவ்வொரு தடவைக்கும் அபராதம் வேற, நம்ம நேரத்துல கூட்டிருவான்.

எங்க டீம்ல நான், மெஹர்பானு, கோமதி. கோமதின்னா பொம்பளப்புள்ள இல்ல, கோமதிநாயகம். சங்கரன்கோயில்காரன், சாமி பேரு. அப்பாவுக்குப் பூ மார்க்கெட்ல வேலை. மெஹர் கடையநல்லூர். நான்தான் கேப்டன். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கல, ஆனா யாராவது ஒருத்தன் பேசணும்லா? மெஹர் தேவைக்கு மேல பேசமாட்டா. கோமதிக்குத் திக்கும்.

லேசாத் திக்குறது இல்ல அண்ணாச்சி. முகமெல்லாம் செவந்து, கண்ணை மூடி, கழுத்து நரம்பு பொடைச்சு, அப்புறம்தான் ஒரு வார்த்தை வரும். பாக்கிறவனுக்கே மூச்சு முட்டும். முதல் வருசம் முதல் நாள், வகுப்புல எல்லாரும் எந்திரிச்சுப் பேரு சொல்லுறோம். இவன் எந்திரிச்சான். 'கோ... கோ... கோ...' பின்னாடி ரெண்டு பயலுக கோழி மாதிரி கூவிட்டானுக. எனக்குப் பொறுக்கல. நான்தான் எந்திரிச்சு, 'சார், அவன் பேரு கோமதிநாயகம்'னேன். வருகைப் பதிவுல எனக்கு முந்தின பேரு, அதனால தெரியும். அவன் திரும்பி என்னைப் பாத்தான். நன்றியாத்தான் பாத்தான். அன்னைக்கு இருந்து நான்தான் அவனுக்கு வாய்.

சும்மா சொல்லல. லேப்ல, லைப்ரரியில, பஸ்ல டிக்கெட் எடுக்க, எல்லாத்துக்கும் நான்தான். கேன்டீன்ல நின்னு 'பு... பு...'ம்பான். 'அண்ணே, அவனுக்கு ஒரு செட் பூரி'ன்னு நான் சொல்லிருவேன். கடைசி வருசம் வரைக்கும் பூரிதான் தின்னான். அப்பதான் இந்த மெஹர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'துரை, அவன் கேக்கிறது புரோட்டா. பூரி அவனுக்குப் பிடிக்காது'ங்கா. பாத்துக்கோங்க! பிடிக்காததை யாராவது அத்தனை வருசம் திம்பானா? தலையை ஆட்டியிருந்தா மாத்திச் சொல்லியிருக்கப் போறேன். அவ கொஞ்சம் அப்படித்தான், எல்லாத்தையும் பெருசாக்குவா.

ஆனா மூளை இருக்கே, கோமதிக்கு! அதுல நான் குறை சொல்லமாட்டேன். கணக்கைப் படிச்சிட்டு ஒரு பக்கமாத் தலையைச் சாய்ச்சு உக்காந்திருப்பான். கொஞ்ச நேரம் கழிச்சுப் பேனாவை எடுத்தான்னா முடிஞ்சுது. எங்க காலேஜ்ல இருந்து அதுவரைக்கும் ஒரு டீம் கூட முதல் சுற்றைத் தாண்டினது இல்ல. நாங்க தாண்டினோம். கோமதி யோசிப்பான், மெஹர் சரி பாப்பா, நான் டைப் அடிப்பேன். டிபார்ட்மெண்ட்லயே என் வேகத்துக்கு ஆள் கிடையாது. ஸ்டீபன் சார்னு எங்களுக்குப் பயிற்சி குடுத்தவரு, 'மூணு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்கீங்கடா'ம்பாரு. 'அந்த ஒரு ஆளு துரைதான்'னு மெஹர் முணுமுணுப்பா. பெருமையாத்தான் சொல்லியிருப்பா.

அடுத்த சுற்று கோயம்புத்தூர்ல. அங்க முதல் பத்து இடத்துல வாற டீமுக்கு ஒரு பெரிய கம்பெனி நேரா வேலை குடுக்குதுன்னு சொன்னாங்க. இன்டர்வியூ கிடையாது, குரூப் டிஸ்கஷன் கிடையாது. இது கோமதிக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குப் புரியணும். கேம்பஸுக்கு வந்த கம்பெனியெல்லாம் எழுத்துப் பரீட்சையில அவனை முதல் ஆளா எடுக்கும், குரூப் டிஸ்கஷன்ல தூக்கிப் போட்டுரும். எட்டுப் பேரு வட்டமா உக்காந்து கத்துற இடத்துல அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள மணி அடிச்சிருவான். மூணாவது கம்பெனி போனப்ப அவங்கப்பா காலேஜுக்கே வந்துட்டாரு, பூக்கூடை வாசத்தோட. ஸ்டீபன் சார்ட்ட, 'வாய் சரியில்லைன்னா வேலை கிடையாதா சார்?'னு கேட்டாரு. சார் அவரை உக்காரச் சொன்னாரு. நான்தான் சொன்னேன், 'கவலைப்படாதீங்க மாமா, கோயம்புத்தூர்ல வாய்க்கு வேலையே இல்ல. புரோகிராம் எழுதினாப் போதும். நான் கூட இருக்கேம்லா'ன்னேன். அவரு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு.

அப்படி வாக்குக் குடுத்துட்டுப் போனவன் அண்ணாச்சி நானு.

கோயம்புத்தூர்ல பெரிய ஹாலு. வரிசை வரிசையா மேஜை. சென்னைப் பயலுக, ஐ.ஐ.டி. பயலுக, எல்லாம் ஒரே மாதிரி பனியன் போட்டு வந்திருந்தானுக. நானும் மெஹரும் அவங்களையே பாத்துக்கிட்டு நின்னோம். ஆனா கோமதி சாதாரணமா இருந்தான். அவனை அவ்வளவு சந்தோசமா நான் பாத்ததே இல்ல. அங்க யாரும் யார்ட்டயும் பேசல பாருங்க, எல்லாரும் தலையைக் குனிஞ்சு காகிதத்துல கிறுக்கிட்டு இருந்தாங்க. முதல் கணக்கு, பலூன். ரெண்டாவது, பலூன். மூணாவதா ஒரு பாலத்துக் கணக்கு. அந்த ஹால்லயே ரொம்பக் குறைச்சல் பேருதான் அதைத் தொட்டிருந்தாங்க. கோமதி தலையைச் சாய்ச்சான். எழுதினான். நான் அடிச்சேன். ஒரே தடவையில சரின்னு வந்துட்டு! பக்கத்து மேஜைக்காரன் எந்திரிச்சு எங்க பலூனைப் பாத்தான். ஹால் முன்னாடி இருந்த பெரிய ஸ்கிரீன்ல எங்க காலேஜ் பேரு எட்டாவது இடத்துல நின்னுச்சு.

அதுக்கப்புறம்தான் வந்துச்சு வினை. ஒரு மூட்டைக் கணக்கு. லாரியில மூட்டை ஏத்துறது, மொத்த எடை என்ன வரும்னு. எல்லா டீமும் போட்டுட்டான், சுலபமானது. நானே யோசிச்சு நானே அடிச்சேன். கோமதிக்குக் குடுக்க வேண்டிய கணக்கே இல்ல அது. அனுப்பினேன். தப்பு. திரும்பப் பாத்தேன், ஒரு இடத்துல மாத்தினேன். தப்பு. அபராதம் ஏறுது. எட்டுல இருந்து ஒம்போது, பத்து. மெஹர் மேஜையோட அந்தக் கோடியில வேற கணக்குல கிடக்கா. கோமதி என் தோள்கிட்ட வந்து ஸ்கிரீனைப் பாத்தான். என் தோளைத் தட்டினான்.

'இ... இ... இன்...'

'இன்டெக்ஸ்தான? பாத்துட்டேன்டா. அது சரியாத்தான் இருக்கு.'

தலையை ஆட்டினான், இல்லைன்னு. 'இ... இன்...'

'இன்புட்டா? அதையும் பாத்துட்டேன். கொஞ்சம் சும்மா இருல.'

நீங்களே சொல்லுங்க, கடிகாரம் ஓடிட்டு இருக்கு. நின்னு கேக்க முடியுமா? அவன் கையை நீட்டி ஸ்கிரீன்ல ஒரு வரியைத் தொட்டான். பாத்தேன். அந்த வரியில ஒரு பிழையும் இல்ல. அப்புறம் கீபோர்டுல கை வைக்க வந்தான். நான் கையைத் தட்டிவிட்டேன். அடிக்கல அண்ணாச்சி, தட்டிவிட்டேன், அவ்வளவுதான். அந்தக் கோடியில இருந்து மெஹர், 'துரை, அவன் என்னமோ சொல்லுதான், கீபோர்டைக் குடு'ன்னா. 'ரெண்டு நிமிசம்'னேன். இன்டெக்ஸை மாத்தி அனுப்பினேன். தப்பு. இன்புட்டை மாத்தி அனுப்பினேன். தப்பு.

இப்ப கேளுங்க. இதுதான் என் ஆத்தாமை. கடைசி அரைமணி நேரம். நான் வேர்த்து விறுவிறுத்து அடிச்சிட்டு இருக்கேன். திரும்பிப் பாக்கேன், கோமதி நாற்காலியில சாஞ்சு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கான். தூக்கிக் கட்டின பலூனையே பாத்துக்கிட்டு! ஒரு டீம்ல இருக்கிறவன் செய்யற காரியமா? கப்பல் முழுகுதுன்னு ஒருத்தன் தண்ணியை இறைச்சிட்டு இருக்கான், கூட இருக்கிறவன் வேடிக்கை பாக்கான். அவன் கடைசி வரைக்கும் முயற்சி பண்ணியிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம். இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

மணி அடிச்சிட்டு. பதினொண்ணாவது இடம். பத்து டீமுக்கு வேலை, நாங்க பதினொண்ணு.

எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க. மெஹர் மட்டும் கோமதி முன்னாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா. 'கோமதி, நீ என்ன சொல்ல வந்தே?'ன்னா. அவ்வளவுதான் கேட்டா. கேட்டுட்டுச் சும்மா இருந்தா. அவனுக்கு முகம் செவக்குது, கண்ணை மூடுதான். எனக்குப் பாவமா இருந்துச்சு, வாயைத் திறந்தேன். அவ என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி நிறுத்திட்டா. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. பலூன் அவிழ்க்க வந்த பிள்ளை கூட நின்னுட்டு. அப்புறம் சொன்னான்.

'இ... இன்ட் ப... பத்தாது.'

இன்ட்னா என்னன்னா அண்ணாச்சி, எண்ணைப் போட்டு வைக்கிற ஒரு சின்ன டப்பான்னு வச்சுக்கோங்க. பழைய பைக்குல கிலோமீட்டர் எல்லாம் ஒம்போதா ஆயிட்டா அடுத்து பூஜ்யத்துக்கு வந்துரும்லா? அது மாதிரி எண் பெருசாயிட்டா இந்த டப்பாவுல கணக்குத் தாறுமாறாயிரும். பெரிய டப்பா ஒண்ணு இருக்கு, லாங் லாங்னு. மெஹர் உக்காந்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்தினா. போட்டி முடிஞ்சப்புறமும் சும்மா அனுப்பிப் பாக்கலாம், இடத்துல சேராது. அனுப்பினா. சரின்னு வந்துச்சு. அவன் தொட்டுக் காட்டின அதே வரிதான்.

நான் என்ன சொன்னேன்னா, 'தெரிஞ்சவன் அப்பவே தெளிவாச் சொல்லியிருக்கணும்லா?'ன்னேன். மெஹர் என்னைப் பாத்த பார்வை இருக்கே! நான் சொன்னதுல என்ன தப்பு? சரி, விடுங்க.

இன்னும் கேளுங்க, முடியல. அந்தக் கம்பெனிக்காரரு ஒருத்தரு எங்க மேஜைக்கு வந்தாரு. தலை நரைச்ச மனுசன், தமிழ்தான். 'பாலத்துக் கணக்கை இப்படி ஒரு வழியில யாரும் போடல. யாரு யோசிச்சது?'ன்னாரு. மெஹர் கோமதியைக் காட்டினா. 'எப்படித் தோணிச்சு தம்பி?'ன்னு அவன்ட்டயே கேட்டாரு. இவன் எந்திரிச்சான். 'மு... மு...' அந்த மனுசன் தலையைக் கொஞ்சம் குனிஞ்சு நின்னாரு. பெரிய மனுசனை எவ்வளவு நேரம் நிக்க வைக்க? இவனும் திணறுதான். சரின்னு நானே எடுத்துச் சொன்னேன். முதல்ல பாலத்தைத் தலைகீழா நினைச்சோம், அந்தக் கரையில இருந்து தொடங்கினோம்னு, ஆதியோட அந்தமா விளக்கினேன். நல்லா விளக்கினேன், அதைச் சொல்லியே ஆகணும். அவரு ஒருதடவை கோமதியைப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு. என் பேரையும் நம்பரையும் வாங்கிட்டுப் போனாரு.

அந்த வேலைதான் இது.

நான் கேக்கல அண்ணாச்சி. அவங்களாக் கூப்பிட்டாங்க. கோமதிக்கு வரவேண்டியதுன்னு மெஹர் மூஞ்சிக்கு நேரா சொன்னா. எனக்குக் குடுத்தா நான் வேண்டாம்னா சொல்ல முடியும்? நான் வேண்டாம்னாலும் அவனுக்கா குடுத்திருப்பான்?

திரும்பி வரும்போது பஸ்ல கோமதி டிரைவருக்குப் பின்னாடி தனியா உக்காந்துட்டான். காலேஜ் வாசல்ல இறங்கினப்ப நானே கிட்டப் போனேன். அவன் என் கண்ணைப் பாத்து, 'நீ இ... இனிமே...'ன்னான். 'சரிடா, இனிமே பிராக்டிஸ் ஜாஸ்தி பண்ணுவோம், அடுத்த தடவை பாத்துக்கலாம்'னு முதுகைத் தட்டிக் குடுத்தேன். மறுநாள் ஸ்டீபன் சார்ட்ட எழுதிக் குடுத்துட்டு டீமை விட்டே போயிட்டான். என்ட்ட ஒரு வார்த்தை சொல்லல. எத்தனை நாளு அவனுக்காகப் பேசினவன் நானு! அவங்கப்பாவை ஒருநாள் சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். 'மாமா'ன்னு கூப்பிட்டேன். பூக்கூடையை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திட்டுப் போயிட்டாரு. கேக்கலையோ என்னமோ, பஸ் ஸ்டாண்டுல்லா, சத்தம்.

என்ன அண்ணாச்சி? ரொம்ப நேரமா என்னமோ சொல்ல வாறீங்க. தண்ணி வேணுமா? இல்லையா? சரி சொல்லுங்க.

கோமதிநாயகம் சாரா? உங்க மகளுக்கு அவனா பாடம் எடுக்கான்?

ஆமா, அவன் அங்கயே வாத்தியாராச் சேந்துட்டான்னு தெரியும். ஸ்டீபன் சார்தான் மேல படிக்க வச்சு இழுத்து விட்டிருக்காரு. இந்த வருசம் காலேஜ் டீம் மறுபடியும் கோயம்புத்தூர் போகுது, பயிற்சி அவன்தான்னு மெஹர் ஸ்டேட்டஸ்ல பாத்தேன். அதைப் பாத்துட்டுத்தான் நான் கிளம்பினதே. பாவம், அவன் எப்படிச் சமாளிப்பான்? வகுப்பு எப்படி எடுப்பான்? போட்டின்னா என்னன்னு பயலுகளுக்கு வாய் விட்டுச் சொல்ல ஒரு ஆள் வேணும்லா?

என்னது? உங்க மக அப்படியா சொன்னா? அவன் திக்கி நிக்கும்போது வகுப்புல ஒரு பிள்ளை அசையாதா? எல்லாரும் காத்திருப்பாங்களா? கேள்வி கேட்டுட்டு யாருக்குப் பதில் வரலைன்னாலும் அவனும் அதே மாதிரி காத்திருப்பானா... வாயே திறக்காத உங்க மக அவன் வகுப்புல மட்டும் பேசுதாளா...

ம்.

சரி. நல்லதுதான். ஆனாலும் நான் போறது நல்லதுதான, என்ன சொல்லுதீங்க? பயிற்சி குடுக்கிறது வேற, மேடையில பேசுறது வேற. நான் வாறது அவனுக்குத் தெரியாது. பிரின்சிபால் சொல்லியிருப்பாரோ என்னமோ. இருங்க, இப்பவே ஒரு போன் போட்டுருதேன். நம்பர் மாத்தியிருக்க மாட்டான். இத்தனை வருசத்துல நான் போட்டா எடுத்ததில்ல, பேசக் கூச்சப்படுவான். ஸ்பீக்கர்ல போடுதேன், உங்க மகளோட சார் குரலைக் கேளுங்க.

ரிங் போகுது.

எடுத்துட்டான்! ஏல கோமதி, நான்தான், துரை. கேக்குதா? பஸ்ல வாறேன். நாளைக்கு நம்ம காலேஜ்ல பேச வாறேன்டா, உன் டீம் பிள்ளைகளுக்கு. நீ ஒண்ணும் கவலைப்படாத, எல்லாத்தையும் நானே எடுத்துச் சொல்லிருதேன்... ஹலோ? இருக்கியா?

பேசுதான் அண்ணாச்சி. 'வ... வ...'ங்கான், கேக்குதா? 'வர...' வரச் சொல்லுதான்! வாறேன்டா, வந்துக்கிட்டே இருக்கேன். நீ கஷ்டப்படாத, எனக்குப் புரியுது. நீ நினைச்சுக்கிட்டு இருக்கிறது எனக்குத் தெரியாதா? அதெல்லாம் பழைய கதை, நான் மனசுல வச்சுக்கல... ஹலோ? கோமதி?

கட்டாயிட்டு. இந்த மலைப்பக்கம் டவர் கிடைக்காது.

உங்க போன்ல முழுசாக் காட்டுதா? உங்களுது வேற கம்பெனி சிம்மா இருக்கும். திரும்பப் போட்டுப் பாக்கேன். ரிங் போகுது... எடுக்கல. வகுப்புல இருப்பான்.

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கீங்க? 'வா'ன்னுதான சொன்னான்? நீங்களும் கேட்டீங்கள்லா, பக்கத்துலதான இருந்தீங்க. வேற என்ன சொல்லப் போறான்? சும்மா இருக்காதீங்க அண்ணாச்சி. என்னமாவது சொல்லுங்க.